நெய்வேலி நகரிய வீடுகளில் நிலை, கதவு, ஜன்னல் வண்ணப்பூச்சு

நெய்வேலி நகரிய வீடுகளின் உட்புறத்தில் நிலை, கதவு, ஜன்னல் சட்டம், ஜன்னல் கம்பி, சுவரின் அடிப்பட்டை ஆகியவற்றுக்கு வண்ணம் பூசும் வழக்கம், தமிழக வீட்டுப் பூச்சு வரலாற்றின் ஒரு பகுதியாகும். செம்மண், சுண்ணாம்பு, மஞ்சள் ஆகியவற்றைக் கொண்டு வீட்டார் தாமே பூசிய காலம், நிறுவனம் வாங்கிய எனாமல் பெயிண்டால் பூசப்பட்ட காலம், வீட்டு உரிமையாளர் கடையில் அட்டையைப் பார்த்து நிறம் தேர்ந்தெடுக்கும் காலம் என இவ்வரலாற்றை மூன்று கட்டங்களாகப் பிரிக்கலாம். நிறத்தை யார் தேர்ந்தெடுத்தார் என்பது ஒவ்வொரு கட்டத்திலும் மாறியது. ஆனால் பெயிண்டில் என்ன கலந்திருக்கிறது என்பதை அறியும் உரிமை மிகவும் தாமதமாகவே கிடைத்தது. வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவை வரையறுக்கும் சட்ட விதி இந்தியாவில் 2017ஆம் ஆண்டு நவம்பர் 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது.

ஊரின் பின்னணி

நெய்வேலி இன்றைய கடலூர் மாவட்டத்தில், அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தில் உள்ளது. நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956 நவம்பர் 14 அன்று பதிவு செய்யப்பட்டது. சுரங்கப் பணி 1957 மே மாதம் பிரதமர் ஜவாஹர்லால் நேருவால் தொடங்கி வைக்கப்பட்டது. 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரிப் படிவம் வெளிப்பட்டது. 1962இல் சோவியத் ஒத்துழைப்புடன் கட்டப்பட்ட முதல் அனல்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது. நிறுவனத்தின் பெயர் 2016இல் என்.எல்.சி. இந்தியா என மாற்றப்பட்டது.

சுரங்கத்துக்காகப் பல கிராமங்களின் நிலமும் வீடுகளும் கையகப்படுத்தப்பட்டன. பணியாளர்களுக்காக எண்ணிட்ட வட்டங்களாகப் பிரிக்கப்பட்ட நகரியம் உருவாக்கப்பட்டது. இங்குள்ள குவார்ட்டர்ஸ் வீடுகள் நிறுவனத்துக்குச் சொந்தமானவை. பதவி நிலைக்கேற்ப அவை ஒதுக்கப்படும். ஓய்வு பெற்றதும் காலி செய்யப்பட வேண்டும். ஒரே வட்டாரத்தில் தன் வீட்டைத் தானே மெழுகிப் பூசிய கிராமத்தாரும், பிறர் பூசிய வீட்டில் குடியேறிய தொழிலாளரும் அடுத்தடுத்த தலைமுறையில் வாழ்ந்தனர். வீட்டுப் பூச்சின் வரலாற்றில் நெய்வேலியைத் தனியாகக் கவனிக்க வேண்டியதன் காரணம் இதுவே.

நகரியத்துக்கு முந்தைய பூச்சு முறைகள்

கடலூர் மணற்கல் பரப்பின் மேல்மண் செந்நிறமுடையது. இவ்வட்டாரக் கிராம வீடுகளில் சுவருக்குச் சுண்ணாம்பும், சுவரின் அடியில் ஒரு முழ உயரத்துக்குச் செம்மண் அல்லது காவிப் பட்டையும் பூசப்பட்டன. இப்பட்டை அழகுக்காக மட்டும் இடப்பட்டதன்று. தரையைச் சாணமிட்டு மெழுகும்போதும், மழைநீர் தெறிக்கும்போதும் வெள்ளைச் சுவரில் படியும் கறையை அது மறைத்தது. மேலை நாட்டு வீடுகளில் சுவரின் அடியில் மரப்பலகை பதிப்பார்கள். தமிழக வீடுகளில் அப்படிப் பதிப்பதில்லை. தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவும் பழக்கமும் கரையானும் அதற்குக் காரணம். பின்னாளில் வந்த சிமெண்டுத் தரை வீடுகளிலும் இதே இடத்தில் சிவப்பு ஆக்சைடு கலந்த சிமெண்டுப் பட்டையே இடம்பெற்றது. இன்று அதே இடத்தில் டைல்ஸ் பட்டை பதிக்கப்படுகிறது.

கதவு, நிலைகளுக்குப் பலா, வேம்பு, பூவரசு போன்ற உள்ளூர் மரங்கள் பயன்பட்டன. பலா மரத்தின் வைரப்பகுதி இயல்பாகவே மஞ்சள் நிறமுடையது. நாளடைவில் பழுப்பாக மாறும். இம்மரங்களுக்கு நிறம் பூசுவதைவிட எண்ணெய் தடவுவதே பழைய முறை. பண்ருட்டி, நெய்வேலி சுற்றுவட்டாரம் முந்திரி விளையும் பகுதி. முந்திரிக் கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கப்படும் கரிய எண்ணெய் கரையானைத் தடுக்கும் என்பதால் மரத்துக்கும் படகுக்கும் பூசப்பட்டது. தோலில் பட்டால் புண்ணாக்கும் தன்மையுடையது என்பதால் அதைக் கவனமாகக் கையாள வேண்டியிருந்தது.

செட்டிநாட்டு வீடுகளில் பர்மா தேக்குக் கதவுகளும் நிலைகளும் எண்ணெயும் வார்னிஷும் பூசப்பட்டு மரத்தின் நிறத்திலேயே விடப்பட்டன. வசதியுள்ளவர் மரத்தைக் காட்டினர். வசதி குறைந்தவர் மரத்தை மூடினர் என்ற வேறுபாடு பின்னாளில் எனாமல் பெயிண்ட் வந்தபோது இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

வாசல் நிலைக்கும் படிக்கும் மஞ்சள் பூசிக் குங்குமப் பொட்டு வைப்பது இவை எல்லாவற்றையும்விடப் பரவலான வழக்கம். வெள்ளிக்கிழமைகளிலும் பண்டிகை நாட்களிலும் வீட்டுப் பெண்கள் இதைச் செய்தனர். தமிழக வீட்டில் மரச்சட்டத்துக்கு வண்ணம் தீட்டுவதன் மிக எளிய, தொடர்ச்சியான வடிவம் இதுவே எனலாம். போகிக்கு முன் வீட்டை வெள்ளையடிப்பதும் இதனுடன் சேர்ந்த வழக்கமாகும்.

எனாமல் பெயிண்டின் வருகை

டப்பாவில் அடைத்த ஆயத்தப் பெயிண்ட், காலனி ஆட்சிக் காலத்தில் இறக்குமதிப் பொருளாக இந்தியாவுக்கு வந்தது. 1902இல் கல்கத்தாவை அடுத்த ஹவுராவில் ஷாலிமார் பெயிண்ட் ஆலை தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இறக்குமதி தடைப்பட்டது. அச்சூழலில் 1942இல் பம்பாயில் நான்கு நண்பர்கள் ஏசியன் பெயிண்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். அந்நிறுவனத்துக்காக ஆர்.கே. லட்சுமணன் 1954இல் வரைந்த, கையில் பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷும் ஏந்திய 'கட்டு' என்னும் சிறுவனின் படம் பல பத்தாண்டுகள் பெயிண்ட் கடைகளின் முகப்பில் காணப்பட்டது.

பழைய எண்ணெய்ப் பெயிண்ட் ஆளிவிதை எண்ணெயை அடிப்படையாகக் கொண்டது. காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் எண்ணெய் வினைபுரிந்து மெல்ல இறுகும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆல்கைடு என்னும் செயற்கைப் பிசின் கண்டுபிடிக்கப்பட்ட பின், விரைவில் காய்ந்து பளபளப்பாக நிற்கும் சிந்தெடிக் எனாமல் பரவியது. கைபட்டுக் கறையேறும் கதவுக்கும், மழைச்சாரல் படும் ஜன்னலுக்கும், துருப்பிடிக்கும் கம்பிக்கும் இது பொருத்தமாக இருந்தது. எனவே சுவருக்குச் சுண்ணாம்பு அல்லது டிஸ்டம்பர், மரத்துக்கும் இரும்புக்கும் எனாமல் என்ற பிரிவினை நிலைபெற்றது. நெய்வேலி நகரியம் கட்டப்பட்ட 1950களின் இறுதியிலும் 1960களிலும் இந்தியப் பொதுப்பணிக் கட்டடங்களின் பொது முறை இதுவாகவே இருந்தது.

எண்ணால் அறியப்பட்ட நிறங்கள்

அரசு அலுவலகம், ரயில்வே குடியிருப்பு, பொதுத்துறை நகரியம் ஆகியவற்றின் கதவுகள் நாடெங்கும் ஒன்றுபோலத் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. 1947இல் அமைந்த இந்தியத் தர நிறுவனம், ஆயத்தப் பெயிண்டுகளுக்கான நிறங்களை ஐ.எஸ். 5 என்னும் தர ஆவணத்தில் எண்ணிட்டுத் தொகுத்தது. இவ்வரிசை பிரிட்டிஷ் தர அட்டையின் எண்முறையைப் பின்பற்றியது. வான்நீலம் 101, அடர்பழுப்பு 412, தபால்பெட்டிச் சிவப்பு 538, புகைச்சாம்பல் 692 என ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண் உண்டு. சிந்தெடிக் எனாமலின் தரத்துக்கு ஐ.எஸ். 2932 என்னும் தனி ஆவணம் வந்தது.

ஒப்பந்தப்புள்ளியில் நிறத்தின் பெயருடன் எண்ணையும் குறித்துவிட்டால், எந்த நிறுவனம் டப்பா அனுப்பினாலும் நிறம் மாறாது. ஆயிரக்கணக்கான கதவுகளைப் பராமரிக்கும் நிர்வாகத்துக்கு இது பெரிய வசதி. ஒரு வீட்டின் கதவை மற்றொரு வீட்டுக்கு மாற்றினாலும், உடைந்த சட்டத்துக்குப் பதில் புதிய சட்டம் வைத்தாலும் பூச்சு ஒத்துப்போகும். அழுக்கு தெரியாமல் நெடுநாள் உழைக்கும் பழுப்பு, சாம்பல், பச்சை ஆகியவை பொதுக் கட்டடங்களில் மிகுதியாகப் பூசப்பட்டதும் இக்காரணத்தால்தான். நிறம் குடியிருப்பவரின் விருப்பத்தைப் பொறுத்து அமையவில்லை. பராமரிப்புச் செலவைப் பொறுத்து அமைந்தது.

குவார்ட்டர்ஸில் குடும்பத்தின் பங்கு

நிறுவன வீட்டில் கதவு நிறுவனத்துடையது. ஆனால் வாசற்படி குடும்பத்துடையதாகவே இருந்தது. தமிழகக் குவார்ட்டர்ஸ் வீடுகளில், பூசிய நிலையின் கீழ்ப்பகுதியிலும் படியிலும் மஞ்சள் எனாமல் அடித்து, அதன்மேல் சிவப்புப் பொட்டும் வெள்ளைக் கோலமும் வரையும் வழக்கம் உருவானது. வாரந்தோறும் மஞ்சள் குழைத்துப் பூச நேரமில்லாத வீடுகளில், ஒரு சிறு டப்பா மஞ்சளும் ஒரு சிறு டப்பா சிவப்பும் ஓராண்டுக்குப் போதுமானவையாயின. மஞ்சள் கிழங்கின் இடத்தை மஞ்சள் பெயிண்ட் பிடித்தது. நிறம் அதுவே, பொருள் வேறு. இந்த மாற்றத்தின் விளைவு கீழே ஈயம் பற்றிய பகுதியில் விளக்கப்படுகிறது.

மண்ணிலிருந்து வந்த வெள்ளை

பெயிண்டின் வெள்ளை நிறத்துக்கு முற்காலத்தில் ஈய வெள்ளையும், பின்னர் துத்தநாக வெள்ளையும் பயன்பட்டன. இவற்றின் இடத்தை டைட்டானியம் டை ஆக்சைடு பிடித்தது. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி, கேரளத்தின் சவரா ஆகிய கடற்கரைகளின் கருமணலில் உள்ள இல்மனைட் கனிமம் இதன் மூலப்பொருள். திருவனந்தபுரத்தில் 1946இல் தொடங்கப்பட்ட திருவிதாங்கூர் டைட்டானியம் ஆலை இந்தியாவில் இதை உற்பத்தி செய்த முன்னோடி நிறுவனம்.

நெய்வேலி மண்ணுக்கும் பெயிண்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. பழுப்பு நிலக்கரியின் மேல் மூடியிருக்கும் மண் அடுக்குகளில் வெள்ளைக் களிமண் கிடைக்கிறது. இதைக் கழுவித் தூய்மைப்படுத்தும் ஆலை ஒன்றையும் நிறுவனம் நடத்தியது. கயோலின் எனப்படும் இவ்வகைக் களிமண் பீங்கான், காகிதம், ரப்பர் ஆகிய தொழில்களிலும், பெயிண்டில் நிரப்புப் பொருளாகவும் பயன்படுவது. கிராமத்துச் சுவரைச் சிவக்க வைத்த செம்மண்ணுக்குக் கீழேயே வெள்ளைப் பூச்சுக்குரிய மண்ணும் இருந்தது.

பெயிண்டில் ஈயம்

எனாமல் பெயிண்டில் ஈயம் மூன்று வழிகளில் சேர்ந்தது. முதலாவது, நிறமி. பளிச்சென்ற மஞ்சள் நிறத்துக்கு ஈயக் குரோமேட் பயன்பட்டது. அதனுடன் நீல நிறமியைக் கலந்தால் பச்சை. மாலிப்டினம் சேர்மத்தைச் சேர்த்தால் செம்மஞ்சள். இரண்டாவது, பெயிண்ட் விரைவில் காய்வதற்காகச் சேர்க்கப்படும் ஈயச் சேர்மங்கள். மூன்றாவது, இரும்புக் கம்பிக்குத் துருத்தடுப்பாக அடிக்கப்படும் செவ்வீயம். சுவருக்கு அடிக்கும், நீரில் கரையும் டிஸ்டம்பர், எமல்ஷன் வகைகளில் ஈயம் மிகக் குறைவு. ஆகவே ஒரு வீட்டில் ஈயம் மிகுதியாக இருக்கக்கூடிய இடங்கள் சுவர்கள் அல்ல. நிலை, கதவு, ஜன்னல், கம்பி ஆகியவையே. இவையே குழந்தைகள் பிடித்து நிற்கும், சில வேளைகளில் வாய்வைக்கும் இடங்கள்.

இந்த ஆபத்து புதிதாகத் தெரியவந்ததன்று. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் மருத்துவர் லாக்ஹார்ட் கிப்சன், குழந்தைகளின் ஈய நச்சுக்குக் காரணம் வீட்டுச் சுவர்களிலும் தாழ்வாரக் கைப்பிடிகளிலும் பூசிய பெயிண்டே என்று 1904இல் எழுதினார். கடும் வெயிலில் பெயிண்ட் பொடியாக உதிர்ந்து குழந்தைகளின் கையில் ஒட்டி, கையிலிருந்து வாய்க்குப் போனதை அவர் சுட்டிக்காட்டினார். தமிழகத்தைப் போலவே அதுவும் வெப்பமான நிலம். 1921இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, கட்டடங்களின் உட்பூச்சில் ஈய வெள்ளையைத் தடுக்கும் உடன்படிக்கையை ஜெனீவாவில் நிறைவேற்றியது. பூச்சுத் தொழிலாளரைக் காப்பதே அதன் முதன்மை நோக்கம். அமெரிக்கா வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை 1978இல் தடை செய்தது.

இந்தியாவில் நெடுங்காலம் தர ஆவணங்களின் வரம்பு கட்டாயமாக இல்லை. விரும்பிய நிறுவனம் பின்பற்றலாம் என்ற நிலையே இருந்தது. 2000களில் தன்னார்வ அமைப்புகள் கடைகளில் டப்பாக்களை வாங்கிச் சோதித்து, எமல்ஷன் வகைகளில் ஈயம் குறைவாகவும் எனாமல் வகைகளில் மிகுதியாகவும் இருப்பதை வெளியிட்டன. இதன் தொடர்ச்சியாக, வீட்டு மற்றும் அலங்காரப் பெயிண்டுகளில் ஈய அளவை ஒழுங்குபடுத்தும் விதிகளை நடுவண் அரசு 2016இல் வெளியிட்டது. ஒரு கிலோ பெயிண்டில் 90 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது என்பது இவ்விதியின் சாரம். டப்பாவின் மேல் ஈய அளவு பற்றிய குறிப்பும் கட்டாயமாக்கப்பட்டது. தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான பெயிண்டுகள் இவ்விதியின் கீழ் வருவதில்லை.

ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கற்கும் திறனையும் கவனத்தையும் குறைக்கும். பாதிப்பே ஏற்படுத்தாத ஈய அளவு என ஒன்று அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. மஞ்சள் குழைத்துப் பூசிய படியும், அதே இடத்தில் ஈயக் குரோமேட் மஞ்சள் பூசிய படியும் பார்வைக்கு ஒன்றே. தவழும் குழந்தைக்கு அவை ஒன்றல்ல.

சொந்த வீடும் நிறத் தேர்வும்

ஓய்வு பெற்ற பணியாளர் பலர் இந்திரா நகர், மந்தாரக்குப்பம், வடலூர் போன்ற அருகிலுள்ள ஊர்களில் வீடு கட்டிக் குடியேறினர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒதுக்கீட்டு வீட்டில் வாழ்ந்த குடும்பம், தன் கதவுக்குத் தானே நிறம் சொல்லும் வாய்ப்பு இங்கேதான் முதன்முதலில் கிடைத்தது. 1990களுக்குப் பின் கடையிலேயே எந்திரத்தில் நிறம் கலந்து தரும் முறை பரவியதால், சில பத்து நிறங்களுக்குப் பதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறங்கள் கிடைத்தன.

இன்று தமிழக வீடுகளில் மூன்று பாணிகளைப் பரவலாகக் காணலாம்:

1. மரநிறப் பாணி. தேக்கு நிலை, கதவுகளுக்கு வார்னிஷ் அல்லது பாலிஷ் அடிப்பது. தலைவாசலுக்கு மட்டும் இதைச் செய்து, உள் கதவுகளுக்கு எனாமல் அடிப்பதும் உண்டு.

2. அடர்நிறப் பாணி. வெளிர் சுவருக்கு எதிராக நிலையும் கதவும் பழுப்பு, சாக்லேட் நிறங்களில் அமைவது. கைக்கறை தெரியாது. ஜன்னல் கம்பி அடர்நிறமாக இருந்தால் வெளிக்காட்சியைக் கண் தடையின்றிப் பார்க்கும்.

3. வெளிர்நிறப் பாணி. வெள்ளை அல்லது தந்த நிறம். ஜன்னலின் உட்புறச் சுவர்ப்பகுதி வெளிர்நிறமாக இருந்தால் வெளிச்சம் அறைக்குள் பரவும். ஆனால் ஆல்கைடு எனாமலின் வெள்ளை, வெளிச்சம் குறைந்த அறைகளில் நாளடைவில் மஞ்சளாகும். நீரில் கரையும் எனாமலில் இக்குறை குறைவு.

எப்பாணியாயினும் வேலை முறை ஒன்றே. உப்புத்தாள் தேய்த்தல், பிரைமர் அடித்தல், பட்டி பார்த்தல், மீண்டும் தேய்த்தல், இரண்டு கை பெயிண்ட் என்பது வரிசை. பூச்சு எவ்வளவு நாள் நிற்கும் என்பதைப் பெரும்பாலும் முதல் மூன்று படிகளே தீர்மானிக்கின்றன.

பழைய பூச்சைக் கையாளுதல்

2017க்கு முன் எனாமல் அடிக்கப்பட்ட எந்த ஊர் வீட்டிலும், குறிப்பாக மஞ்சள், பச்சை, சிவப்பு அடுக்குகளில், ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. பூச்சு உதிராமல் உறுதியாக இருக்கும்வரை ஆபத்து குறைவு. மறுபூச்சுக்காகச் சுரண்டும்போதுதான் தூசி கிளம்புகிறது. இடிக்கப்படும் பழைய வீடுகளின் கதவு, நிலைகளை வாங்கி மீண்டும் பயன்படுத்துவோருக்கும் இது பொருந்தும்.

உலர்ந்த பூச்சை அப்படியே தேய்க்காமல், நீரில் நனைத்துப் பயன்படுத்தும் உப்புத்தாளால் ஈரமாகத் தேய்க்க வேண்டும். நெருப்பால் பொசுக்கிப் பெயிண்டை நீக்கக்கூடாது. ஈயப் புகை மூச்சில் கலக்கும். வேலை முடியும்வரை குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் அந்த அறைக்குள் வரக்கூடாது. தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். வேலையாட்கள் முகக்கவசம் அணிவதும், உண்ணும் முன் கை கழுவுவதும், வேலை உடையைத் தனியாகத் துவைப்பதும் அவசியம். இத்தொழிலில் நாள்தோறும் தூசியைச் சுவாசிப்பவர்கள் அவர்களே.

புதிய பெயிண்ட் வாங்கும்போது நிற அட்டையைப் பார்க்குமுன் டப்பாவின் மேலுள்ள ஈயக் குறிப்பைப் படிப்பது நல்லது. தொழிற்சாலைப் பயன்பாட்டுக்குரிய டப்பா மலிவாகக் கிடைத்தாலும் வீட்டுக் கதவுக்கும் குழந்தைகளின் கட்டிலுக்கும் அதைப் பயன்படுத்தக்கூடாது. வாசற்படிக்கு வேண்டிய மஞ்சளும் சிவப்பும் பெரும்பாலும் சிறிய டப்பாக்களிலேயே வாங்கப்படுகின்றன. அவற்றின் மேலும் இக்குறிப்பு இருக்க வேண்டும்.